இன்னும் வரலை

அச்சு இருக்கும் பக்கத்தை உள்ளே திருப்பித்தான் தேய்க்க வேண்டும். நேராக வைத்துத் தேய்த்தால் மை இளகி இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும், அண்ணனின் கறுப்பு டி-ஷர்ட்டைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்த தங்கை அதைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் நின்றாள். நெஞ்சுப் பக்கத்தில் நாலு பேரின் உருவம். இரண்டு பேருக்கு முகம் போய்விட்டது. ஒருவருக்குக் கிதாரும் பாதிக் கையும்தான் மிச்சம். கறுப்பு என்பதே ஒரு பேச்சுக்குத்தான். துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. சூடு ஏறிவிட்டது.

"இதையேதான் போடப் போறீங்களா?" அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். "வெள்ளைச் சட்டை புதுசா ஒண்ணு இருக்கு. மகளோட பட்டமளிப்புக்கு வாங்கினது. ஒரே ஒரு தடவைதான் போட்டாரு."

"அவங்க இதுதான் போடணும்னு கேக்கறாங்க அண்ணி."

"அவங்களுக்கென்ன, கேப்பாங்க. அவரை இந்தத் துணியில இருந்து உரிச்செடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கரித்துணியாக்கிடலாம்னு மூணு தடவை ஒளிச்சு வச்சேன். மூணு தடவையும் மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிச்சிட்டாரு." சிரிக்க வந்த வாய் பாதியில் நின்றது. அண்ணி உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் இறந்தது நேற்று மாலை நாலு மணிக்கு, ஆஸ்பத்திரியில். உடல் இப்போது இறுதி மரியாதைக் கூடத்தின் குளிர் அறையில் இருந்தது. பதினொரு மணிக்குள் உடுப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணிக்கு எல்லோரும் கூடுவார்கள். மகள் நாலு வார்த்தை பேசுவாள். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

முன்னறையில் உட்கார்ந்திருந்த 'அவர்கள்' அண்ணனின் பள்ளிக்கால நண்பர்கள் மூன்று பேர். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் சுருட்டைக்கு அந்தப் பேரை நியாயப்படுத்த இப்போது தலையில் ஓர் ஆதாரமும் கிடையாது. பல் டாக்டர் துக்க வீட்டிலும் பேசுகிறவர்களின் வாயைத்தான் பார்ப்பார். மூன்றாமவர் தாளம், கைக்கு எட்டியதையெல்லாம் தட்டுகிறவர். இன்று தேநீர்த் தட்டில் விரல் தானாகப் போவதும், நினைவு வந்து இழுத்துக்கொள்வதுமாக இருந்தார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அந்தக் கச்சேரியைப் பற்றித்தான். இந்த மூவரும் நாற்பது வருஷமாக வேறு எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து இறங்குவார்கள். தூரத்து நகரம் ஒன்றின் விளையாட்டு மைதானத்தில் பகல் முழுக்க நடந்த ராக் கச்சேரி. ஒரு குழு போக ஒரு குழு வந்து பாடியதை உலகம் பூராவும் ஒரே நேரத்தில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அண்ணனுக்கு அப்போது பதினெட்டு. தங்கைக்குப் பதினொன்று. அந்தத் தெருவில் கச்சேரி தெரிந்தது அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியில் மட்டும்தான்.

"ஜன்னல் திட்டுல உக்காந்திருந்தான்," என்றார் தாளம். "ஒரு காலை மடக்கி வச்சுக்கிட்டு. கண்ணை மூடினா அப்படியே தெரியுது."

"ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தோம்டா, வெயில் டிவில அடிக்குதுன்னு," என்றார் பல் டாக்டர். "திரைக்குள்ளயா உக்காந்திருந்தான்? பீரோவுல சாஞ்சுக்கிட்டு நின்னான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ரெண்டு பேரும் கம்முனு இருங்க," என்றார் சுருட்டை. "என் பக்கத்துல, தரையில. அவன் முட்டி என் முட்டியில இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசிப் பாட்டுல அழுதான்."

"நீ அழுதே. அவன் ஏன் அழறான்?"

அண்ணனின் மகள் எதிரே உட்கார்ந்து மடியில் தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றிய பேச்சை அந்தக் கச்சேரியிலிருந்துதான் ஆரம்பிக்கப்போவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டாள். பேனா நின்றது. மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"மாமா, மூணு பேரும் மூணு இடம் சொல்றீங்க."

"இன்னும் நாலு பேர் வந்தா நாலு இடம் சொல்வாங்கம்மா. அவன் அப்படித்தான், ஒரு இடத்துல இருக்க மாட்டான்," என்றார் தாளம். "அதை விடு. அந்த டிஸ்க்கை எடுத்துட்டு வா. கூடத்துல ஓட விடலாம். இருபது நிமிஷம் நம்மாளுங்க பாடினது மட்டும்."

'நம்மாளுங்க' என்றால் டி-ஷர்ட்டில் இருந்த நால்வர். அண்ணன் வைத்த பேர். ஏதோ ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளைகளைச் சொல்வதுபோல அவர்களைச் சொல்வான்.

டிஸ்க்கைத் தேடி அண்ணி பீரோவைக் குடைந்தாள். மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடைத்தது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இவர்கள் மூவரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பல் டாக்டர் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடித் தாளே பிரிக்கலையே."

"எத்தனை தடவை கூப்பிட்டேன், வாடா, எங்க வீட்டுல போட்டுப் பாக்கலாம்னு," என்றார் தாளம். "நேர்ல பாத்தவனுக்கு ரிகார்டிங் எதுக்குன்னுவான்."

"நேர்லயா? நாம பாத்ததும் டிவிதானே."

"அவனுக்கு அதுதான் நேர்ல."

மகள் டிஸ்க்கை வாங்கிக்கொண்டாள். நகத்தால் கண்ணாடித் தாளின் ஓரத்தைச் சுரண்டினாள், பிரிக்கவில்லை. எழுந்து நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"அத்தை. அந்த வீட்டுல நீங்களும்தானே இருந்தீங்க. அப்பா எங்க உக்காந்து பாத்தாரு?"

தங்கை பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். டி-ஷர்ட் இன்னும் அப்படியேதான் கிடந்தது, நேர்ப்பக்கம் மேலே.

"தேய்ச்சு முடிச்சுட்டு வர்றேன்," என்றாள்.

*

அந்த ஆன்டெனாவை அண்ணனே செய்தான். ஏதோ பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, அலுமினியக் குழாய்களை அளந்து அறுத்து, மீன் முள் மாதிரி பூட்டினான். மலைக்கு அந்தப்பக்கத்து நிலையம்தான் கச்சேரியைக் காட்டியது. அதைப் பிடிக்க மூன்று வாரம் மொட்டை மாடியில் இதைத் திருப்பிக்கொண்டே கிடந்தான். அப்பாவும் அம்மாவும் உறவுக்காரர் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன முன்னறையில் பதினைந்து பையன்கள் வந்து அடைந்தார்கள். செருப்புகள் படிக்கட்டு வரை நீண்டன. திரையை இழுத்துவிட்டதும் அறை இருண்டு, வேர்வை நாற்றமும் கறுப்பு வெள்ளை வெளிச்சமும் மட்டும் மிஞ்சின.

முதல் மணி நேரத்திலேயே காற்று கிளம்பியது. கம்பத்தைக் கைப்பிடிச் சுவரோடு கவ்வியிருந்த இரும்புப் பட்டை விட்டுப்போனது. படம் போய்ப் புள்ளியாய்க் கொட்டியது. பதினைந்து பேரும் 'ஓ' என்று கத்தினார்கள். அண்ணன் மேலே ஓடினான். கம்பத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். அவனுக்கு டிவித் திரை தெரியாது. அறையில் இருப்பவர்களுக்கு அவன் குரல் கேட்காது. அதனால் தங்கை படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றாள்.

"இப்போ?" என்று மேலேயிருந்து வரும்.

"இப்போ?" என்று அவள் அறையைப் பார்த்துக் கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... வந்திருச்சு, வந்திருச்சு!"

"வந்திருச்சு அண்ணே!"

வந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கையை இறக்கினால் படம் போய்விடும். இரண்டு கையும் தலைக்கு மேலே, குழாய் நெற்றியில் இடிக்க, அண்ணன் நின்றான். அறையில் இருந்தவர்கள் பத்து நிமிஷத்தில் அதை மறந்துபோனார்கள். படம் நன்றாக இருந்தால் ஆன்டெனாவை யார் நினைக்கிறார்கள்?

ஏற்பாடு ஒன்று மட்டும் இருந்தது. நம்மாளுங்க மேடைக்கு வந்ததும் தங்கை சுருட்டையை மேலே அனுப்ப வேண்டும். சுருட்டை வந்து கம்பத்தைப் பிடிப்பான், அண்ணன் கீழே ஓடி வந்து பார்ப்பான். சுருட்டை சத்தியம் பண்ணியிருந்தான். தன் பக்கத்தில் அண்ணனுக்காகத் தரையில் ஒரு தலையணையும் போட்டு வைத்திருந்தான். மற்றவர்கள் அதில் உட்கார வந்தால் காலால் உதைத்தான்.

நம்மாளுங்க வந்தார்கள். சத்தம் கேட்டுத் தங்கை வாசலுக்கு ஓடினாள். பாடுகிறவன் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்து வந்தான். கையில் பாதி ஒடிந்த கம்புபோல ஒரு மைக். அவள் தலைகளுக்கு நடுவே புகுந்து போய்ச் சுருட்டையின் சட்டையை இழுத்தாள். அவன் திரும்பாமல் அவள் கையைத் தட்டிவிட்டான். "ஒரு நிமிஷம்."

அவள் மறுபடி இழுக்கவில்லை. இதுதான் அவள் நாற்பது வருஷமாகச் சுமந்தது. மறுபடி இழுத்திருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அவள் திரையைப் பார்த்துவிட்டாள். மைதானம் முழுக்க, கண்ணுக்கு எட்டிய வரை, ஆட்கள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரே நேரத்தில் தட்டினார்கள். அத்தனை பேர் ஒரே காரியத்தைச் செய்து அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கை மாறினால், மாறுகிற அந்த ஒரு நிமிஷம், இது போய்விடும். போய்விடக் கூடாது என்று சுருட்டையைப் போலவே அவளுக்கும் இருந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது. "பொடிசு! நம்மாளுங்க வந்துட்டாங்களா?"

படிக்கட்டுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். "இன்னும் வரலை!"

திரும்பவும் வாசலுக்கு ஓடி வந்தாள். இரண்டாவது பாட்டு. மூன்றாவது. மறுபடியும் அண்ணனின் குரல், இந்தத் தடவை மெதுவாக. "வந்துட்டாங்களா?"

"இன்னும் வரலை!"

மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து, வேறு யாரோ பாட வந்து, பையன்கள் எழுந்து சோம்பல் முறித்தபோது அண்ணன் கீழே இறங்கி வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் துருவின் கோடு. முகம் வெயிலில் பழுத்திருந்தது. "டேய், பாத்தியாடா? பாத்தியாடா?" என்று எல்லோரும் அவன்மேல் விழுந்தார்கள். அவன் வாசலில் ஒட்டிக்கொண்டு நின்ற தங்கையைப் பார்த்தான். ஒரு தடவைதான் பார்த்தான்.

"பாக்காம?" என்றான். "அந்தக் கடைசிப் பாட்டு. என்னமா பாடினாங்க."

கடைசிப் பாட்டு எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து பேர் தொண்டை கிழியக் கூடப் பாடினால் மொட்டை மாடிக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் முதல் தடவை 'இன்னும் வரலை' என்று கத்தியபோதே கேட்டிருக்கும். இதெல்லாம் அன்றிரவு படுக்கையில்தான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளிலிருந்து அவன் கச்சேரியைச் சொல்ல ஆரம்பித்தான். தாளம் நடந்து காட்டியதைப் பார்த்து நடக்கப் பழகினான். பல் டாக்டர் சொன்ன கிதார்க்காரனின் தலைமுடியைச் சேர்த்துக்கொண்டான். வருஷம் போகப் போக அவன் சொல்வதுதான் எல்லோருடையதையும்விட நன்றாக இருந்தது. பிறகு லிஃப்ட் மெக்கானிக்கானான், கல்யாணம் செய்துகொண்டான், மகள் பிறந்தாள், நுரையீரல் கெட்டது. தங்கையிடம் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எதிரே இருக்கும்போது அந்தக் கதையைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்வான், அவ்வளவுதான்.

*

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் அவனுடன் அவள் மட்டும் இருந்தாள். வெளியே தாழ்வாரத்தில் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் முகம் சுளித்தது. "ரெண்டாம் நம்பர்," என்றான், மூச்சுக்கவசத்தை ஒதுக்கி. "கதவு ரோலர் தேஞ்சு போச்சு. கேக்குதா? யார்கிட்டயாவது சொல்லிடு, பொடிசு."

"முதல்ல நீ மூச்சு விடு. லிஃப்ட்டு அப்புறம் மூடட்டும்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஜன்னல் வெயில் போர்வைமேல் ஏறியிருந்தது. இதைவிட்டால் வேறு சமயம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கைப்பேசியை எடுத்தாள். அந்த இருபது நிமிஷத்தை ஒரு வாரமாக அதில் சேமித்து வைத்திருந்தாள்.

"அண்ணே. ஒண்ணு காட்டட்டுமா?"

அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். மைதானம் தெரிந்தது, வெயில், தலைகள், மேடையின் ஓரம். இந்தத் தடவை வண்ணத்தில். பாடுகிறவன் இன்னும் வரவில்லை. அண்ணனின் கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வந்தது. தன் கையைப் பிடிக்கத்தான் வருகிறது என்று அவள் நினைத்தாள். விரல் திரையைத் தொட்டது. படம் நின்றது.

"பாத்ததுதானே, பொடிசு," என்றான்.

என்கிட்டயுமா அண்ணே, என்று கேட்க வாயெடுத்தாள். செவிலி ஊசியோடு உள்ளே வந்தாள். பிறகு மருத்துவர். பிறகு அண்ணியும் மகளும். நாலு மணி.

அவன் அப்படிச் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். போகட்டும் விடு என்பதா? உன் கையால் காட்டிப் பார்க்க மாட்டேன் என்பதா? குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

*

டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்து முடித்தாள். மடித்தாள். மகள் அதுவரை பக்கத்திலேயே நின்றாள். அப்பாவைப்போல அவளுக்கும் காத்திருக்கத் தெரியும்.

அண்ணன் உட்கார்ந்திருந்தது சுருட்டையின் பக்கத்தில்தான் என்று சொல்லிவிட்டால் போதும். மூன்று பேரில் இரண்டு பேர் தோற்பார்கள், ஒருவர் ஜெயிப்பார், சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போகலாம். அண்ணன் பார்த்தவனாகவே போய்ச் சேருவான். மாறாகச் சொன்னால், எரிக்கப்போகிற நாளில் அவனைப் பொய்யனாக்கியதாகும். நாற்பது வருஷம் அவன் கட்டிக் காத்ததை அவள் ஒரே வார்த்தையில் கீழே போட்டதாகும். அந்தப் பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாக்கில் வந்து நின்றது 'இன்னும் வரலை' என்ற அதே குரல். அதே உரத்த, சந்தேகமே இல்லாத, பதினொரு வயதுக் குரல்.

"மாடியில," என்றாள்.

"என்ன மாடியில?"

"உங்கப்பா மாடியில இருந்தாரு. ஆன்டெனாவைப் பிடிச்சுக்கிட்டு. முதல்லேருந்து கடைசி வரைக்கும். கச்சேரியை அவர் பாக்கவே இல்லை."

முன்னறையில் தாளம் வாயருகே கொண்டுபோன கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். தங்கை மடித்த டி-ஷர்ட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். படிக்கட்டு, குரல், இரண்டு தடவை கத்தியது. சுருட்டையின் சட்டையை இழுத்ததை மட்டும் விட்டுவிட்டாள்.

"என்ன பேசற நீ?" என்றார் பல் டாக்டர். "நான் அவனைப் பாத்தேன். பீரோ பக்கத்துல..."

"இருட்டுல என்னத்தைப் பாத்தே?" சுருட்டைதான் குறுக்கிட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொடிசு, ஏன் அதை மட்டும் விட்டுட்டே? நீ என் சட்டையை இழுத்தே. நான்தான் போகலை."

அவர் தலையை நிமிர்த்தாமலே தொடர்ந்தார்.

"மறுநாள் காலையில அவன்கிட்டப் போனேன். மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். வாயைத் திறக்கவே விடலை. 'எதுக்குடா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? நேத்து உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்'னான். நான் அந்தத் தலையணையை நினைச்சேன். சரின்னுட்டேன்." வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அவனே சொன்னப்புறம் எனக்கென்ன? எடுத்துக்கிட்டேன். ரெண்டு மூணு வருஷத்துல அவன் முட்டி இடிச்சதுகூட ஞாபகம் வர ஆரம்பிச்சிருச்சு."

தாளம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அந்த ஜன்னல் திட்டையும் அண்ணனே இப்படித்தான் கொடுத்திருப்பான். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகு நேரம் துடைத்தார்.

சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"முதல் தடவை என்கிட்டப் பேசினது பஸ் ஸ்டாப்புல," என்றாள். "ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு இந்தக் கச்சேரியைத்தான் சொன்னாரு. அந்தப் பாடறவன் எப்படி நடந்தான்னு, அத்தனை பேருக்கு முன்னாடி நடந்து காட்டினாரு. அந்த நடையைப் பாத்துதான்..." நிறுத்தினாள். "பாக்காமயா நடந்தாரு?"

"அண்ணி..."

"முப்பது வருஷம் பக்கத்துல படுத்திருந்தேன். என்கிட்டச் சொல்லலை. உனக்குத் தெரிஞ்சிருக்கு. நீயும் சொல்லலை."

அண்ணி கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாளம் குடிக்காத கோப்பையையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் வெகு நேரம் கேட்டது. பிறகு தண்ணீருக்கு மேலே அவள் குரல் வந்தது.

"எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னாரு?"

"அஞ்சு மணி நேரம் இருக்கும்."

அண்ணி குழாயை மூடவில்லை.

மகள் தன் தாளைப் பார்த்தாள். முதல் பத்தியை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் இப்போ என்ன வாசிக்கறது அத்தை?" என்றாள்.

தங்கை மடித்த டி-ஷர்ட்டைப் பையில் வைத்தாள்.

*

கூடத்தின் பின்பக்க அறை சின்னது. வெள்ளை ஓடு பதித்த சுவர். நடுவில் சக்கரம் வைத்த மேசை. பணியாளர் ஐம்பது வயதுக்காரர். கையுறையும் பொறுமையும் உள்ளவர். மடித்த டி-ஷர்ட்டை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"இந்த மாதிரி உடுப்புன்னா நாங்க பின்பக்கத்தைக் கத்தரிச்சிடுவோங்க. முன்னாடி வச்சு ஓரத்தைச் செருகிட்டா தெரியாது. பட்டன் சட்டைன்னாலும் அப்படித்தான் செய்யறது."

"கத்தரிக்காம முடியாதா?"

"முடியும். கையை ரெண்டையும் மேல தூக்கணும். ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே நிக்கணும், லேசா இருக்காது. பொம்பளைங்க வெளிய இருக்கறது நல்லதுன்னு சொல்வேன்."

"அவ இருக்கட்டும்," என்றார் வாசலில் நின்ற சுருட்டை. "நான் பிடிக்கிறேன்."

காரில் வரும்போது அண்ணி முன்சீட்டில், மடியில் பிரிக்காத டிஸ்க்கோடு, சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதைக் கூடத்தில் போடச் சொல்வாளா, திரும்ப ரசீதுகளுக்கு அடியில் வைப்பாளா என்று தங்கைக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிவும் இல்லை.

பணியாளர் அண்ணனின் தோள்களை நீவினார். முழங்கையை நீவினார். அவசரப்படாமல், துணியில் சுருக்கம் எடுப்பதுபோல நீவிக்கொண்டே இருந்தார். இறுகிக் கிடந்த கைகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. பிறகு அவற்றை மேலே கொண்டுபோனார். சுருட்டை தலைமாட்டில் போய் நின்று, மணிக்கட்டுக்குக் கீழே இரண்டையும் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் தலைக்கு மேலே நின்றன. உள்ளங்கைகள் மேல்நோக்கி, விரல்கள் பாதி மடங்கி. ஏதோ ஒன்றைப் பிடிக்கிற அகலத்துக்கு.

தங்கை டி-ஷர்ட்டைச் சுருட்டி வளையமாக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாகக் கையோட்டைக்குள் விட்டாள். துணி முழங்கையில் சிக்கியது. வலது பக்கம் இழுத்தால் இடது பக்கம் ஏறியது. பணியாளர் முதுகைத் தூக்கிப் பிடித்தார். சுருட்டையின் முகம் மேலே விளக்கைப் பார்த்திருந்தது. குனிந்து பார்க்க அவரால் முடியவில்லை போலும்.

"இப்போ?" என்றார்.

"இன்னும் இல்ல."

கழுத்து வளையத்தைத் தலைவழியே மாட்டினாள். முடியை ஒதுக்கினாள். துணியை நெஞ்சுக்கு இறக்கினாள், அங்கிருந்து வயிற்றுக்கு. அந்த நாலு பேர் கோணலாக நின்றார்கள். இரண்டு தோளிலும் தையலைப் பிடித்து நேராக்கினாள். சூடு பட்ட துணியின் வாசம் இன்னும் இருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு. உள்ளங்கையால் தேய்த்தாள். போகவில்லை. இன்னொரு தடவை தேய்த்தாள்.

"இப்போ?"

ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.

"வந்திருச்சு," என்றாள். "இறக்கிடுங்க அண்ணே."

பணியாளர் கைகளை வாங்கிக்கொள்ள முன்னால் வந்தார். சுருட்டை விடவில்லை. வெளியே கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கண்ணை விளக்கிலிருந்து எடுக்காமல், கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டு, அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.